பெட்டி மூடியில் நூற்றிருபத்தெட்டுக் கோடுகள்

இரங்கூன்
20 ஜூலை 1964

தாயில்லாத என்னைத் தோளில் போட்டு வளர்த்த அண்ணன் முகம்மது கவுஸ் அவர்களுக்கு, தங்கை அமீருன்னிசா ஸலாம் கூறி எழுதுவது. ஹசீனா மதினிக்கும் என் ஸலாம்.

இந்தக் கடிதத்தை நான்கு முறை தொடங்கிக் கிழித்துவிட்டேன். எப்படி எழுதினாலும் செய்தி ஒன்றுதான். உங்கள் மைத்துனர் அன்வர் பாஷா சென்ற பன்னிரண்டாம் தேதி, ஞாயிறு விடியலில், இறைவனிடம் மீண்டுவிட்டார். மார்ச்சு மாதத்தில் சர்க்கார் ஆட்கள் நம் துணிக்கடையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள் அல்லவா? அன்றிலிருந்தே அவருக்கு உடம்பு சரியில்லை. நாளுக்கு நான்கு முறை மாடிப்படி இறங்கிப் போய் அந்தப் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். முத்திரையைத் தொட்டால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று மகள் ஷகிலா கையைப் பிடித்து இழுப்பாள்.

முந்தின நாள் கூடச் சிரித்துப் பேசினார். "உங்கண்ணன்கிட்டச் சொல்லு. இருபத்தஞ்சு வருசமா அவர் ஒரு பாட்டைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் தூங்கிடுவேன். இந்தத் தடவையும் அப்படித்தான் ஆச்சுன்னு சொல்லு" என்றார். அதை அப்படியே உங்களுக்கு எழுதிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது ஒரு கேள்வி. எங்கள் மூவர் பெயரும் இந்தியா திரும்பும் கப்பல் பட்டியலில் வந்திருந்தது. ஆகஸ்டு இருபத்தேழில் கப்பல். இன்று பட்டியலில் நானும் ஷகிலாவும் இருக்கிறோம். ஆனால் என் இத்தா முடிய நவம்பர் ஆகும். கணவனை இழந்தவள் பிறைக் கணக்கில் நான்கு மாதமும் பத்து நாளும் அந்த வீட்டு வாசலைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்று நீங்கள்தானே சிறு வயதில் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்? நான் கப்பல் ஏறலாமா, கூடாதா? இங்கே கேட்பதற்கு ஆளில்லை. பள்ளிவாசல் இமாம் போன கப்பலிலேயே போய்விட்டார். நீங்கள் சொன்னால் அதுதான் எனக்கு முடிவு.

நீங்கள் பயப்படும்படி இங்கே ஒன்றுமில்லை. வீடு இருக்கிறது. அரிசி இருக்கிறது. ஷகிலா நன்றாக இருக்கிறாள்.

உங்கள்
அமீரு

---

தருமபுரி, சேலம் ஜில்லா
8 ஆகஸ்டு 1964

என் கண்மணி அமீருன்னிசாவுக்கு, உன் அண்ணன் கவுஸ் நெஞ்சு நிறைந்த துஆவுடன் வரைவது.

உன் கடிதத்தைப் புளி மண்டியில், தராசின் எதிரில் நின்றபடி பிரித்தேன். முதல் பத்தியைக் கடந்ததும் தராசுத் தட்டின் மீதே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து மண்டித் தீர்த்தகிரி ஓடிவந்து, "என்னங்க பாய், என்ன ஆச்சு?" என்று தோளைப் பிடித்தார். கடிதத்தை நீட்டினேன். அவர் படித்துவிட்டுத் தம் கடையையும் என் கடையையும் தாமே சாத்தினார். அன்று புளி வண்டிகள் மூன்று பாரத்தோடு திரும்பிப் போயின.

அன்வர் பாஷா என் மைத்துனர் என்பது பிற்பாடு வந்த உறவு. அதற்கு முன்பே அவர் என் தோழர். நான் பாட்டுச் சொல்ல அவர் உறங்க, அவர் உறங்குவதைக் கண்டும் காணாதவன் போல நான் தொடர்ந்து சொல்ல, அப்படி ஒரு நட்பு எங்களுடையது. விழித்திருந்து கேட்டவர் பலரை நான் மறந்துவிட்டேன். உறங்கியவரை மறக்கமாட்டேன். அவருக்காக மூன்று நாள் திருமறை ஓதி முடித்தோம். ஊர் முழுதும் வந்திருந்தது.

உன் கேள்விக்கு வருகிறேன். சட்ட நூல்கள் மூன்றை எடுத்து வைத்து, இரண்டு நாள் வேறு வேலை பாராமல் ஆராய்ந்தேன். வீடு இடிந்துவிழும் நிலையிலோ, உயிருக்கும் மானத்துக்கும் அச்சம் உள்ள நிலையிலோ இத்தா இருப்பவள் இடம் பெயரலாம், அதில் குற்றமில்லை. அச்சம் இல்லாதபோது அவள் கணவன் வாழ்ந்த வீட்டிலேயே நாளை நிறைவு செய்தல் வேண்டும். இது தெளிவு. 'பயப்படும்படி ஒன்றுமில்லை, வீடு இருக்கிறது' என்று நீ எழுதியிருக்கிறாய். ஆதலால், அம்மா, நீ இருந்து நிறைவு செய்து, அடுத்த கப்பலில் வருவாயாக. மூன்று மாதம் பொறுத்தால் மறுமை வரைக்கும் மனம் நிறைந்திருக்கும்.

உனக்கென்று கிழக்கு அறையை ஒழித்துக்கொண்டிருக்கிறோம். அங்கே அடுக்கியிருந்த புளிப் பானைகளை எங்கே வைப்பது என்று உன் மதினி என்னோடு சண்டை பிடிக்கிறாள். சண்டை பிடிக்கட்டும். நீ வருகிறாய் என்றதும்தான் அவளுக்கு அந்தத் தெம்பு வந்தது.

உன்
அண்ணன்

---

இரங்கூன்
3 செப்டம்பர் 1964

அன்பு அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் ஆகஸ்டு பத்தொன்பதில் கிடைத்தது. நீங்கள் சொன்னபடியே இருந்துவிட்டேன். கப்பலும் போய்விட்டது. எங்கள் இடம் இரண்டும் வீணாகவில்லை. உங்கள் பக்கத்து இண்டூர்க்காரன் ஒருவன், குப்புராஜ், அரிசி ஆலையில் கணக்கு எழுதியவன்; அவன் தாய் குள்ளம்மாளுக்கு நெஞ்சுவலி. அவளால் அடுத்த கப்பல் வரை தாங்க முடியாது. அவர்களுக்கே எங்கள் இடத்தைக் கொடுத்துவிட்டேன். தருமபுரி வந்தால் உங்களைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வந்தால் ஒரு வாய் சோறு போட்டு அனுப்புங்கள்.

நாங்கள் வீடு மாறிவிட்டோம். நம் தெருவுக்குப் பின்னால், டோ சீன் என்ற பர்மியப் பெண்ணின் இடம். என் வயதுதான் அவளுக்கும். நல்ல காற்றோட்டமான இடம்.

மற்றபடி நலம். மதினிக்கு ஸலாம்.

அமீரு

---

தருமபுரி
19 செப்டம்பர் 1964

பொய்க்காரி அமீருன்னிசாவுக்கு, உன்னிலும் பெரிய மூடனாகிய அண்ணன் எழுதுவது.

உன் மூன்றாம் தேதிக் கடிதம் நேற்றுக் காலை வந்தது. நேற்று மாலையே இண்டூர் பஸ்ஸில் குப்புராஜும் வந்து சேர்ந்தான். கப்பலில் கொடுத்த ஒரு கம்பளியும், அவன் தாயின் வெற்றிலைப் பையும்தான் கையில் இருந்தன. குள்ளம்மாள் நலமாக ஊர் சேர்ந்துவிட்டாள். 'என் அண்ணனிடம் நான் நலம் என்று மட்டும் சொல்' என்று நீ அவனிடம் சத்தியம் வாங்கினாயாம். அவனும் நலம் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சோற்றுத் தட்டின் முன் அமர்ந்தான். இரண்டு கவளத்துக்கு மேல் அவனால் உண்ண முடியவில்லை. தட்டைத் தள்ளி வைத்தான்.

"பாய், அந்தம்மா சொல்லக் கூடாதுன்னாங்க. சொல்லாம இருந்தா எனக்குச் சோறு இறங்காதுங்க" என்றான்.

"சொல்லு" என்றேன்.

"அவுங்க வூட்ட சர்க்கார் எடுத்துக்கிச்சுங்க. கடைக்கு மேலதானே வூடு? கடை போனா வூடும் போச்சுன்னுட்டாங்க. பெரியவர் மவுத்தாவறதுக்கு முன்னமே நோட்டீசு வந்துருச்சு. நாங்க கப்பல் ஏறறதுக்கு அஞ்சு நாளு முந்தி சாமானெல்லாம் தெருவுல தூக்கிப் போட்டாங்க. நான் ஓடிப்போய், 'அம்மா, இந்தாங்க சீட்டு, நீங்களே போங்க, நாங்க பின்னால வர்றோம்'னு கால்ல வுழாத கொறையாச் சொன்னேங்க. 'எங்கண்ணன் இருன்னு எழுதியிருக்காரு, இருக்கறேன். உங்காத்தாவக் கூட்டிட்டுப் போ'ன்னுட்டாங்க."

"இப்போது இருக்கும் இடம்?"

"கருவாடு காயப்போடற கொட்டாய்ங்க. ஒரு பக்கம் சொவுரே இல்ல. பட்டாளத்துக்காரனுங்க வந்தா அந்தப் புள்ளய மூங்கில் கூடைக்குள்ள வச்சு மேல கருவாட்டப் பரப்பி மறைக்கறாங்க."

காற்றோட்டமான இடம்! சுவரில்லாத இடத்தில் காற்றுக்கு என்ன குறை?

இரவு முழுதும் உறக்கமின்றிக் கிடந்து, இன்று முதல் பஸ்ஸில் வாணியம்பாடிக்குப் போனேன். அங்கே என்னிலும் முதியவராகிய, மார்க்கம் கற்ற ஆலிம் ஒருவர் இருக்கிறார். உன் முதல் கடிதத்தையும் நான் எழுதிய தீர்ப்பின் நகலையும் அவர் முன் வைத்தேன். அவர் என் தீர்ப்பைப் படிக்கவேயில்லை. "கவுஸ், எழுதியவள் உனக்கு யார்?" என்று கேட்டார். தங்கை என்றேன். "சிறு வயதில் கீழே விழுந்தால் அழுவாளா?" என்றார். மாட்டாள், முழங்காலைப் பாவாடையால் மூடிக்கொண்டு சிரிப்பாள் என்றேன். "அப்படிப்பட்டவள் அச்சமில்லை என்று எழுதினால் நீ எப்படி நம்பினாய்? மூன்று நூல் திறந்தாய். அவளைத் திறக்கவில்லையே" என்றார்.

அமீரு, அறுபது வயதில் என் கல்வி எவ்வளவு என்பதை நான் இன்று அறிந்தேன். என் சொல்லை நான் திரும்பப் பெறுகிறேன். பெரியவரும் உறுதியாகச் சொன்னார்: உன் மீது குற்றமில்லை, உடனே புறப்படலாம், மிஞ்சிய நாளைச் சேருமிடத்தில் நிறைவு செய்யலாம். முதல் கப்பல் எதுவோ அதில் ஏறு. ஷகிலாவின் கையை விடாதே.

உன் அண்ணன் உன்னைக் கருவாட்டுக் கொட்டகையில் உட்கார வைத்தான் என்பதை நினைத்தால் தொழுகையில் நெற்றி தரையில் பதிய வெட்கமாக இருக்கிறது.

கவுஸ்

---

இரங்கூன்
8 அக்டோபர் 1964

என் அண்ணன், என் ஆலிம், என் பெரிய மூடர் அவர்களுக்கு,

(நீங்களே போட்டுக்கொண்ட பட்டம். நான் வைத்ததல்ல.)

அந்தக் குப்புராஜை நான் நம்பியிருக்கக் கூடாது. சிறு வயதில் நாம் ஒகேனக்கல் போனபோது பரிசல் சுழலில் நான் பயந்ததை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து, வீடு சேர்வதற்குள் நீங்கள் சொன்னீர்களே! இண்டூர்க்காரனும் உங்கள் வழிதான்.

உண்மையை எழுதுகிறேன். இனி மறைத்துப் பயனில்லை. நோட்டீசு வந்தது எனக்குத் தெரியும். தெரிந்துதான் 'வீடு இருக்கிறது' என்று எழுதினேன். எழுதிய அன்று வீடு இருந்தது, அதனால் அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அச்சம் என்று எழுதியிருந்தால் நீங்கள் வா என்பீர்கள். எனக்கு வரவும் வேண்டும், இருக்கவும் வேண்டும். ஏன் என்று சொன்னால் உங்களுக்குப் புரியும்.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தபோது நாங்கள் நடந்தே இந்தியா வந்தோம். என் மூத்த மகன், இரண்டு வயது, வழியில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். மூங்கில் புதருக்குப் பக்கத்தில் அவர் கையாலேயே குழி தோண்டினார். பின்னால் கூட்டம் தள்ளிக்கொண்டே வந்தது. ஒரு நாழிகை உட்கார விடவில்லை. அந்த இடம் எதுவென்று எனக்கு இன்றும் தெரியாது. அழுதது நடந்துகொண்டே அழுததுதான். இந்த முறை அவருக்காவது உட்கார்ந்து அழ வேண்டும் என்று இருந்தேன், அண்ணா. யாரும் தள்ளாமல், நாள் முழுதும், நாலு மாதமும் பத்து நாளும். அதனால் நீங்கள் 'இரு' என்று எழுதியபோது எனக்கு நிம்மதிதான் வந்தது. உங்கள் பெயரைச் சொல்லி நான் செய்ததை உங்கள் குற்றமாக நினைத்து நெற்றியைத் தேய்க்காதீர்கள்.

நாளை எண்ணுவதற்கு, அவர் போன மறுநாளிலிருந்து ஒவ்வொரு அந்தியிலும் மேல்வீட்டுச் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டு வந்தேன். வீட்டை எடுத்துக்கொண்டபோது அதில் நாற்பது கோடு இருந்தது. சுவரைத் தூக்கிக்கொண்டா வர முடியும்? அதிகாரி சாமானை எறிந்துகொண்டிருந்தபோதே ஷகிலா தகரப் பெட்டியின் மூடிக்குள்ளே நாற்பதையும் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டாள். இப்போது கோடெல்லாம் மூடியில்தான். நடுவில் எனக்கு மூன்று நாள் காய்ச்சல். நினைவில்லை. எழுந்து பார்த்தால் மூன்று கோடு சாய்வாக இருந்தது. டோ சீன் போட்டிருக்கிறாள். அவள் புத்தரைக் கும்பிடுகிறவள். இத்தா என்றால் அவளுக்கு என்ன தெரியும்? 'உன் புருசனுக்குக் கோடு விட்டுப்போகக் கூடாது என்று போட்டேன்' என்றாள். எனக்குக் கருவாட்டு வாசம் ஆகாதென்று உங்களுக்குத் தெரியுமே. இப்போது அவள் மேல் அடிக்கிற கருவாட்டு வாசம்தான் எனக்கு நிம்மதி.

ஒரு சிக்கல் இருக்கிறது. போன கப்பலில் போகாததால் பட்டியலிலிருந்து எங்கள் பெயரை எடுத்துவிட்டார்கள். ஆண் துணை இல்லாத பெண்களுக்கு இந்தியாவில் ஆதரிக்க ஆள் உண்டு என்று அங்கேயிருந்து சர்க்கார் முத்திரையோடு காகிதம் வர வேண்டுமாம். நவம்பர் ஐந்துக்குள் வந்தால் பத்தாம் தேதிக் கப்பல். அதற்குப் பிறகு கப்பல் உண்டா என்று யாருக்கும் தெரியவில்லை. ஷகிலாவைக் கூடைக்குள் வைத்து நான் இனி எத்தனை நாள் காப்பேன்?

சீக்கிரம், அண்ணா.

அமீரு

---

தருமபுரி
22 அக்டோபர் 1964

அமீருவுக்கு,

இன்று பகல் உன் கடிதம் வந்தது. இன்று மாலையே காகிதம் தயார். இத்துடன் விமானத் தபாலில் வருகிறது. கையில் கிடைத்த மறு கணமே கொண்டுபோய்க் கொடு.

தாலுகாக் கச்சேரியில் குமாஸ்தா வெங்கடாசலம் எழுத உட்கார்ந்தார். "அந்தம்மா உங்களுக்கு என்ன வேணுங்க?" என்றார். உடன்பிறந்தவள் என்றேன். "எத்தன நாளைக்கு வச்சுக் காப்பாத்துவீங்க? அதையும் எழுதோணும்" என்றார். "மறுமை நாள் வரைக்கும் என்று எழுதுங்கள்" என்றேன். பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்படிப் போட்டா மேல திருப்பி அனுப்பிடுவாங்க, பாய். 'நிரந்தரமாக'ன்னு போட்டுக்கறேன், சரிங்களா?" என்றார். சம்மதித்தேன். சாட்சிக்குத் தீர்த்தகிரி கையெழுத்திட்டார். தாசில்தார் முகாம் போக ஜீப்பில் ஏறியிருந்தார். தீர்த்தகிரி வண்டியின் முன் போய் நின்றுகொண்டார். முத்திரை ஜீப்பின் முன்தகட்டின் மேல் வைத்துக் குத்தப்பட்டது. கொஞ்சம் கோணலாக இருப்பதற்கு அதுவே காரணம். அங்கே கேட்டால் சொல்.

நீ சுவரில் கோடிட்டதைப் படித்ததும் எனக்குப் பாட்டுதான் நினைவுக்கு வந்தது. பொருள் தேடிப் பிரிந்தவன் திரும்பும் நாளை எண்ணி ஒரு பெண் சுவரில் கோடிடுவதாகப் பழம்பாட்டுகளில் வரும். உனக்குப் பத்து வயதில் நான் அதைச் சொன்னபோது, 'அவன் வராவிட்டால் சுவர் பத்தாதே' என்றாய். நான் சிரித்தேன். திரும்பாதவனுக்காகவும் ஒருத்தி கோடிடுவாள் என்று அன்று நான் எண்ணவில்லை. பாட்டைக் கற்றேன், அமீரு. அந்தச் சுவர் எவ்வளவு கடினமானது என்பதை நீதான் எனக்குக் கற்பித்தாய்.

கிழக்கு அறைக்கு இன்றுதான் சுண்ணாம்பு அடித்தாயிற்று. மண்டியில் புளி கொட்டை எடுக்கும் ராமக்காள் கூலி வேண்டாமென்று தானே வந்து அடித்தாள். "அண்ணே, உங்க தங்கச்சி கோடு போடறவிங்கன்னு சொன்னீங்களே, அவிங்களுக்குத் தனியா ஒரு மூலைய உட்டு வைக்கட்டுமா? வெள்ளையில கரி நல்லாத் தெரியும்" என்றாள். விட்டு வைக்கச் சொன்னேன்.

நவம்பர் பதினான்கு முதல் நான் சென்னையில் இருப்பேன். எந்தக் கப்பல் வந்தாலும் கரையில் நிற்பேன்.

உன்
அண்ணன்

---

சென்னை, அகதிகள் முகாம்
16 நவம்பர் 1964

அன்பு அண்ணன் முகம்மது கவுஸ் அவர்களுக்கு,

இந்தியாவிலிருந்து எழுதுகிறேன். நேற்றுக் காலை கரை இறங்கினோம். உங்கள் காகிதம் நவம்பர் நான்காம் தேதி வந்தது. கோணல் முத்திரையைப் பார்த்த அதிகாரி முகம் சுளித்தான். ஜீப் கதையைச் சொன்னோம். சிரித்துவிட்டுப் பெயரை எழுதிக்கொண்டான். தீர்த்தகிரி அண்ணனுக்கு என் ஸலாம் சொல்லுங்கள்.

அங்கே துறைமுகத்தில் காதுத் தோட்டையும் ஷகிலாவின் சங்கிலியையும் எடுத்துக்கொண்டார்கள். பெட்டியைத் திறந்தவன் மூடியில் கோடுகளைப் பார்த்து, ரகசிய எழுத்து என்று சந்தேகப்பட்டுப் பெட்டியையே பிடுங்கப் பார்த்தான். ஷகிலா பர்மிய மொழியில், 'இது என் அப்பாவுக்கு அம்மா அழுத நாட்கள்' என்றாள். அவன் விரலால் ஒரு பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கினான். இருபதோ முப்பதோ எண்ணியிருப்பான். நிறுத்தினான். மூடியைத் தானே சாத்தி எங்கள் பக்கம் தள்ளினான். டோ சீன் கடைசி வரை வந்தாள். அவளைக் கரையில் விட்டு வந்ததுதான் தாங்க முடியவில்லை.

இத்தா முடிய இன்னும் நாளை ஒரு நாள்தான். கப்பலில் சரக்கு அறை மூலையில் முக்காட்டோடு இருந்துவிட்டேன். இங்கேயோ ஒரே கொட்டகைக்குள் நானூறு பேர், தடுப்பில்லை. என்ன செய்வது என்று நான் திகைத்ததைப் பக்கத்துப் பாயில் இருந்த பெரியம்மாள் பார்த்துவிட்டாள். அவளும் இரங்கூனிலிருந்து வந்தவள்தான். பால் மாடு வைத்துப் பிழைத்தவள், மாரியம்மன் பக்தை. "எத்தன நாளுக்கு யாரும் பாக்கக் கூடாது?" என்று கேட்டாள். "ரெண்டு நாள்" என்றேன். "இவ்வளவுதானா? ஏ பொண்ணுங்களா, ஆளுக்கொரு சேலை கொடுங்கடி!" என்று குரல் கொடுத்தாள். அண்ணா, அவரவர் கையில் இருந்ததே இரண்டு மூன்று சேலைதான். பதினோரு சேலை வந்தது. கயிறு கட்டி, கொட்டகை மூலையில் எனக்கு ஓர் அறையே எழுப்பிவிட்டார்கள். சுவரில்லாத கொட்டாய் என்று குப்புராஜ் சொன்னானே, அவனிடம் சொல்லுங்கள்: இப்போது எனக்குப் பதினோரு சுவர்.

நீங்கள் கரையில் நிற்பதாக எழுதியிருந்தீர்கள். கூட்டத்தில் தேடினேன், காணவில்லை. இது தருமபுரி முகவரிக்குப் போகிறது. தபாலில் போடச் சொல்லிப் பெரியம்மாளிடம் கொடுக்கிறேன்.

அமீரு

---

முகாம், சேலைக்கு வெளியே
16 நவம்பர், பிற்பகல்

அமீரு,

உன் கடிதம் தபாலில் போகவில்லை. பெரியம்மாள் என் கையிலேயே கொடுத்துவிட்டாள். உன்னிலிருந்து நான் பத்தடி தொலைவில், ஒரு கோணிச் சாக்கின் மேல் அமர்ந்து இதை எழுதுகிறேன்.

நேற்றுத் துறைமுகத்தில் உங்களை வேறு வாயில் வழியாக வண்டியேற்றிவிட்டார்கள். நான் தவறான வாயிலில் அந்தி வரை நின்றேன். இன்று மூன்று முகாம் தேடி இங்கே வந்தேன். கொட்டகைக்குள் நுழைந்ததும் ஒரு பெண்மணி துடைப்பத்தோடு குறுக்கே நின்றாள். "யோவ், எங்க போறே? உள்ளார அந்தம்மா விரதத்துல இருக்குது. ஆம்பளைங்க நாளைக்குப் பொழுது சாஞ்சு வா" என்றாள். நான் அண்ணன் என்றேன். "அண்ணனா இருந்தா என்ன, எம்டனா இருந்தா என்ன? ஆம்பள ஆம்பளதான்" என்றாள். அப்புறம் இரக்கப்பட்டு, "பேரென்ன?" என்று கேட்டாள். சொன்னதும் மடியிலிருந்து உன் கடிதத்தை எடுத்தாள். "இந்தா. ஸ்டாம்பு மிச்சம்" என்றாள்.

உடன்பிறந்தவன் இத்தாவில் இருப்பவளைப் பார்க்கலாம். அதற்கு யாதொரு தடையும் இல்லை. இதைச் சொல்லி நான் உள்ளே வந்திருக்கலாம். நாவின் நுனி வரைக்கும் வந்தது. சட்டம் தெரிந்தவன் என்று ஒரு முறை உனக்குத் தீர்ப்பு எழுதினேன். அதன் பலனைப் பார்த்தேன். இந்த முறை துடைப்பத்தின் சட்டத்துக்கே கட்டுப்படுகிறேன்.

உன் மதினி கொடுத்தனுப்பிய கேழ்வரகு அடையும் புளித்தொக்கும் சேலைக்கு அடியில் தள்ளுகிறேன். உன்னை 'இரு' என்று சொன்னவனும் ஒரு நாளேனும் காத்திருந்து பார்க்கட்டும்.

கவுஸ்

---

சேலைக்கு உள்ளே
17 நவம்பர், அந்திக்கு முன்

அண்ணா,

நேற்று உங்கள் குரல் கேட்டதுமே எழுந்துவிட்டேன். 'அண்ணனுக்குத் தடையில்லை, விடுங்கள்' என்று நானும் சொல்லியிருக்கலாம். எனக்கும் சட்டம் தெரியும். நீங்கள் கற்றுக் கொடுத்ததுதானே? ஷகிலாவும் என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை. இந்தப் பெண்களிடம் இப்போது வீடு இல்லை, கடை இல்லை, மாடு இல்லை. எனக்காகக் கட்டிய இந்தச் சுவர் ஒன்றுதான் இருக்கிறது. அதைக் காவல் காக்கிறபோது அவர்கள் குரலில் எப்படி ஒரு மிடுக்கு! அதை நான் எப்படிக் கெடுப்பேன்? நீங்களும் கெடுக்கவில்லை என்று உங்கள் சீட்டைப் படித்தபோது, புளித்தொக்கைவிட அதுதான் எனக்கு இனித்தது. (தொக்கில் உப்புக் கூடுதல். மதினியிடம் சொல்லாதீர்கள். சத்தியம் செய்யுங்கள். வேண்டாம், சத்தியம் செய்யாதீர்கள், சொல்லிவிடுவீர்கள்.)

இரவெல்லாம் சேலைக்கு அந்தப் பக்கம் நீங்கள் மெல்லப் பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். யாருக்குச் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். அவரைப் போலவே நானும் பாதியில் தூங்கிவிட்டேன்.

இத்துடன் பெட்டி மூடியைக் கழற்றிச் சேலைக்கு அடியில் தள்ளுகிறேன். நூற்றிருபத்தேழு கோடு இருக்கிறது. முதல் நாற்பது ஷகிலா பார்த்து எழுதியது. சாய்வாக இருக்கும் மூன்று டோ சீனுடையது. கப்பலில் ஒரு நாள் அலையில் என் கை ஆடியதால் ஒன்று வளைந்திருக்கும். கடைசிக் கோடு உங்களுடையது. பொழுது சாய்ந்ததும் போடுங்கள். கரித்துண்டை மூலையில் துணியில் முடிந்திருக்கிறேன்.

அமீரு

---

சேலைக்கு வெளியே
17 நவம்பர், அந்தி

அமீரு,

பாங்கு சொல்லியாயிற்று. கொட்டகை வாசலில் நின்று தொழுதேன். நெற்றி தரையில் நன்றாகப் பதிந்தது.

கோடு போட்டுவிட்டேன். உன் கோடுகளைப் போல நேராக வரவில்லை. டோ சீனுடையதைப் போலச் சாய்ந்துவிட்டது. மூடியைத் திருப்பித் தரமாட்டேன். கிழக்கு அறையில் ராமக்காள் விட்டுவைத்த மூலையில் அதைச் சாத்தி வைப்போம். இனி அங்கே புதுக் கோடு வேண்டாம்.

பெரியம்மாள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு வருகிறாள். "இந்தா, அண்ணங்காரரே, எழுதுனது போதும். முதல் முடிச்ச அந்தம்மாவே அவுக்கட்டும், மிச்சத்த நாங்க பாத்துக்கறோம். நீ ஏந்து நில்லு" என்கிறாள்.

எழுந்து நிற்கிறேன்.